ஒரே மடக்கு

மாடிப்படியில் பாதி ஏறும்போதே காவல் ஆய்வாளருக்கு அழுகைச் சத்தம் கேட்டது. வளர்ந்த ஆண் ஒருவர் அடக்கப் பார்த்தும் முடியாமல் அழும் சத்தம். மேலே போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் தங்கள் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆய்வாளரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இனிச் செய்ய ஒன்றுமில்லை.

கீழே வாகன உதிரிபாகக் கடை. மேலே நீளமான ஒரே அறையாக உடற்பயிற்சிக் கூடம். சுவர் நெடுகக் கண்ணாடி பதித்திருந்ததால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த உடல் தெரிந்தது. இருபத்து நான்கு வயது. படுத்துக்கொண்டு எடை தூக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில், ஒருக்களித்துக் கிடந்தான். தோளும் மார்பும் செதுக்கி வைத்த மாதிரி இருந்தன. அடுத்த மாத ஆணழகன் போட்டிக்கு இந்தக் கூடத்தின் சார்பில் போக இருந்தவன். கூடத்தில் அவனுக்குப் பெயர் சின்னவன்.

அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அண்ணன், பெரியவர். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய படத்தில் கோப்பையோடு நின்றவரும் அவர்தான். படத்தில் இருந்த உடம்பு இப்போது இல்லை. கண்ணுக்குக் கீழே வீங்கி, நிறம் வெளிறிப் போயிருந்தார். குளிர்பான ஆலை ஒன்றில் கலவைப் பிரிவு மேற்பார்வையாளர். அப்பா போன பிறகு தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் என்று கூடத்து முதலாளி ஆய்வாளரின் காதருகே சொன்னார்.

ஆய்வாளர் குரலை உயர்த்திப் பேசாத பெண்மணி. ஒரு கேள்வி கேட்டால் அதற்குப் பதில் முழுதாக வரும்வரை அடுத்ததைக் கேட்க மாட்டார். பெரியவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

தம்பி விடிந்ததும் வந்து தனியாகப் பயிற்சி செய்வான் என்றார் பெரியவர். சாவி அவனிடம் உண்டு. வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்தாராம். வந்தவுடன் அவன் கிடப்பதைப் பார்த்தார், கத்தினார், போன் செய்தார்.

"தினம் பண்றதுதான் மேடம். பவுடரைத் தண்ணில போட்டு நல்லா குலுக்கி, கொஞ்சம் கொஞ்சமா குடிப்பான். நான்தான் கத்துக்குடுத்தேன். இன்னிக்கும் குடிச்சிட்டு வெயிட்டைத் தூக்கிருக்கான். நெஞ்சு தாங்கல."

பெஞ்சின் மேல் குலுக்கிக் குடிக்கும் பாட்டில் ஒன்று, பாதி அளவுக்கு இளஞ்சிவப்பு நீரோடு நின்றது. அதன் பக்கத்தில் மூடி திருகாத பவுடர் டப்பா. பயிற்சிக்கு முன்னால் உடம்பில் முறுக்கேற்றிக்கொள்ளக் குடிக்கிற பவுடர். தர்பூசணிச் சுவை என்று படம் போட்டிருந்தது. இறந்தவனின் மேல் உதட்டிலும் மீசையிலும் பனியன் கழுத்திலும் அதே நிறப் பொடி உதிராமல் ஒட்டியிருந்தது.

தடயவியல்காரர் டப்பாவைத் திறந்தார். பொடி ஒரு பக்கமாகச் சரிந்து, கிட்டத்தட்ட வாய்வரை இருந்தது. மாதிரி எடுக்க அளவுக் கரண்டியைத் தேடினார். மேலே இல்லை. கையுறைக் கையை மணிக்கட்டு மறைய உள்ளே விட்டுத் துழாவி, அடியிலிருந்து அதை வெளியே இழுத்தார். மாதிரியை உறையில் போட்டு ஒட்டினார். ஆய்வாளர் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

---

முதலாளி தன் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றதும்தான் கொஞ்சம் தெம்பாகப் பேசினார். அவர் தலைக்குப் பின்னால் அலமாரி முழுக்க அதே பவுடரின் புது டப்பாக்கள், விற்பனைக்கு. முன்வரிசையில் பல் விழுந்த இடம் மாதிரி ஓர் இடைவெளி. அது ஏன் என்று ஆய்வாளர் கேட்டதற்கு முதலாளி திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். நேற்று சாயங்காலம் பூட்டும்போது வரிசை நிரம்பி இருந்ததாம். இந்தக் கூடத்தில் எதை வைத்தாலும் கால் முளைத்துவிடுகிறது என்றார்.

சின்னவனோடு மனஸ்தாபம் ஏதாவது உண்டா? இருந்தது என்று ஒப்புக்கொண்டார். போட்டி முடிந்ததும் ஊருக்குள் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கூடத்துக்குப் போகப் போவதாகச் சொன்னானாம். "வளர்த்த கெடா மார்ல பாயுதேன்னு வருத்தம்தான். அதுக்காக..." என்று நிறுத்தி, உடல் கிடந்த பக்கம் பார்க்காமல் துணியால் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

பவுடர் டப்பாக்களை எல்லோரும் திறந்த அடுக்கில்தான் வைப்பார்கள். அவரவர் பெயர் எழுதியிருக்காது. வைக்கிற இடம்தான் அடையாளம். சின்னவனுடையது ஜன்னல் ஓரம். யார் வேண்டுமானாலும் தொடலாம். நேற்று சாயங்காலம் முதலாளி இருந்தார், கொசு என்று எல்லோரும் கூப்பிடும் பயிற்சிக்காரன் இருந்தான், தம்பியின் பயிற்சியைப் பார்க்கப் பெரியவரும் வந்து போனார்.

நூறு கிலோவைத் தாண்டிய ஆளுக்கு யார் கொசு என்று பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான், மற்றவர்கள் ஏறி இறங்க வழியில்லை. போட்டிக்கு யார் போவது என்ற தேர்வில் சின்னவனிடம் மயிரிழையில் தோற்றவன். இனி அவன்தான் போவான் என்பதை உதவி ஆய்வாளர் ஏற்கெனவே ஆய்வாளரிடம் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

சின்னவன் பவுடரை எப்படிச் சாப்பிடுவான் என்று ஆய்வாளர் கேட்டார். கொசு தலையைத் தூக்கவில்லை. போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். சின்னவன் சிரிக்கிறான். கரண்டி நிறையப் பொடியை அப்படியே வாயில் தட்டுகிறான். கன்னம் உப்புகிறது. பிறகு தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து ஒரே மடக்கு. சுற்றி இருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். வாயிலிருந்து ஒரு சின்னப் பொடி மேகம் புகை மாதிரி வெளியே வருகிறது.

"நான்தான் பழக்கினேன் மேடம். தண்ணில கலந்தா மெதுவாத்தான் ஏறும், அப்படியே போட்டா சுர்ருன்னு ஏறும்னு நெட்ல பார்த்துச் சொன்னேன். இங்க எல்லாரும் அப்படித்தான் போடறோம். அவன் பாட்டிலைத் தொட்டே ரொம்ப நாளாச்சு."

அப்படியானால் அந்த ஷேக்கர் பாட்டில் யாருடையது?

"அவனோடதுதான். அண்ணன் வாங்கிக் குடுத்தது. சும்மா பைல கிடக்கும். வீட்டுக்கு இதெல்லாம் தெரியாது மேடம். தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்க."

பயிற்சி ஆரம்பித்து ஒரு வருடத்தில் இப்படிப் போட்டுக்கொண்டபோது தனக்கே ஒருமுறை பொடி மூச்சுக்குழாயில் போய், கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் அவன் சொன்னான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்களாம். அவனும் சிரித்தானாம்.

---

மறுநாள் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே பேசினார். நெஞ்சில் பழைய கோளாறு எதுவும் இல்லை. நல்ல இதயம். அது தாளம் தப்பித் துடித்து ஓய்ந்துவிட்டது. வாயிலும் தொண்டையிலும் பொடி பசையாக அப்பியிருந்தது, கொஞ்சம் மூச்சுக்குழாயிலும் இருந்தது. ஆகவே உலர்ந்த பொடியாகத்தான் விழுங்கியிருக்கிறான். அதில் சந்தேகமே இல்லை.

"இந்த விளையாட்டே ஆபத்து," என்றார் மருத்துவர். "தண்ணியில கலந்து உறிஞ்சிக் குடிச்சா உடம்புக்கு அவகாசம் கிடைக்கும். படபடன்னு வந்தா நிறுத்திக்கலாம். இது அப்படி இல்லை. போனது போனதுதான். ஆனா இவன் விஷயம் அது மட்டும் இல்ல."

ரத்தத்தில் காஃபின் இருந்த அளவை அவர் காட்டினார். அந்தப் பவுடரில் காஃபின் உண்டு. ஆனால் ஒரு கரண்டிப் பவுடர் தின்றவன் ரத்தத்தில் இவ்வளவு இருக்க வழியே இல்லை. யாரோ சுத்தமான காஃபினையே கலந்து கொடுத்தால்தான் உண்டு.

ஆய்வகத்திலிருந்தும் தகவல் வந்தது. டப்பாவில் இருந்த பவுடர் அட்டையில் போட்டபடி சரியாக இருக்கிறது. பாட்டிலில் இருந்த நீரிலும் அதே பவுடர்தான், வேறெதுவும் இல்லை.

உதவி ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. டப்பாவில் இல்லை, பாட்டிலில் இல்லை, ஆனால் வயிற்றில் இருக்கிறது. மாத்திரையாக ஏதாவது விழுங்கியிருப்பான் என்றார். மாத்திரையை விழுங்கினால் மீசையில் பொடி ஏன் என்று ஆய்வாளர் கேட்டார். நடந்தே கூடத்துக்குப் போவோம் என்று கிளம்பினார் ஆய்வாளர்.

கூடத்துக்கு எதிர்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். சம்பவம் நடந்த காலையில் அவள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பெரியவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடி ஏறினாராம். அவரை அவளுக்கு நன்றாகத் தெரியும், பார்த்தால் தலையசைப்பார். அன்றைக்குத் தலையசைக்காமல் போனார். ஏதோ அவசரம் என்று நினைத்துக்கொண்டாள். கத்தல் எப்போது கேட்டது என்று ஆய்வாளர் விசாரித்தார். அந்தப் பெண் யோசித்தாள். வாசலை முடித்துவிட்டு உள்ளே போய், வெந்நீர் வைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, துவட்டிச் சட்டை போட்டு, பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கேட்டது. குழந்தை தூக்கிவாரிப் போட்டு அழுதது என்பதால் நினைவிருக்கிறது என்றாள்.

ஆய்வாளர் நன்றி சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தார். கொஞ்ச நேரம் எங்கும் போகாமல் நின்றார். குளிர்பான ஆலைக்குப் போய்க் கலவைப் பிரிவின் இருப்பைப் பார்த்து வரும்படி உதவி ஆய்வாளரை அனுப்பிவைத்தார்.

---

அன்று சாயங்காலம் கூடத்தில் மூன்று பேரை வரவழைத்திருந்தார். முதலாளி, கொசு, பெரியவர். இயந்திரங்கள் ஓயவே கூடத்தில் வியர்வை வாடை மட்டும் மிஞ்சியிருந்தது. பெரியவரை உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே இருந்தார்.

ஆய்வாளர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு புது டப்பாவை எடுத்தார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு முத்திரைத் தாளைக் கிழித்துத் திறந்து காட்டினார். பொடி மட்டும் தெரிந்தது.

"கரண்டி எங்க?"

உள்ளே இருக்கும் என்றார் முதலாளி. ஆலையில் கரண்டியைப் போட்டுவிட்டுத்தான் பவுடரை நிரப்புவார்கள். புது டப்பா வாங்குகிறவர்கள் முதலில் அதைத் தோண்டி எடுத்தாக வேண்டும்.

"அன்னிக்கு சின்னவன் பக்கத்துல இருந்த டப்பாவுலயும் கரண்டி அடியிலதான் கிடந்தது. தோண்டித்தான் எடுத்தாங்க. அப்ப அந்த டப்பாவுல இருந்து அவன் ஒரு கரண்டி கூட எடுக்கல." அவர் டப்பாவை மூடினார். "அவன் சாப்பிட்ட டப்பா வேற. அவன் விழுந்ததுக்கு அப்புறம் யாரோ அதை எடுத்துட்டு, இந்த அலமாரியில இருந்து ஒண்ணைத் திறந்து வச்சிருக்காங்க."

கொசு அலமாரியைப் பார்த்தான். முதலாளி கொசுவைப் பார்த்தார். அந்தப் பார்வை புரிந்ததும் கொசுவின் முகம் சிவந்தது. ஆய்வாளர் வேண்டாம் என்பதுபோல் கையைக் காட்டினார்.

மாற்றியவர் அதோடு நிற்கவில்லை என்றார். சின்னவன் பையிலிருந்து ஷேக்கர் பாட்டிலை எடுத்து, புது டப்பாவைச் சாய்த்துக் கொஞ்சம் பொடி கொட்டி, தண்ணீர் விட்டுக் குலுக்கி, பாதியைக் கீழே ஊற்றிவிட்டு வைத்திருக்கிறார். குடித்த பானத்தில் குற்றமில்லை, இதயம்தான் நின்றுவிட்டது என்று எல்லோரும் நம்ப வேண்டும். டப்பாவில் பொடி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது அதனால்தான்.

"இங்க வர்றவங்க யாராவது இதைச் செய்திருந்தா அந்தப் பாட்டிலைத் தொட்டே இருக்க மாட்டாங்க. சின்னவன் பாட்டில்ல குடிக்கறதில்லன்னு முதலாளிக்குத் தெரியும். கொசுவுக்குத் தெரியும். கை தட்டின அத்தனை பேருக்கும் தெரியும்." ஆய்வாளர் பெரியவர் பக்கம் திரும்பினார். குரல் இன்னும் தணிந்தது. "தெரியாதது வீட்டுக்கு மட்டும்தான். உங்களுக்கு மட்டும்தான்."

பெரியவருக்குத் தெரியாத அந்த விஷயம் இப்போதுதான் அவர் காதில் விழுந்திருந்தது. கொசுவைத் திரும்பிப் பார்த்தார். கொசு போனை எடுத்து வீடியோவை ஓடவிட்டு நீட்டினான். தம்பி சிரித்தான், கன்னம் உப்பியது, தண்ணீர் கவிழ்ந்தது, கைதட்டல். அது முடிந்து, தானாகவே முதலிலிருந்து திரும்ப ஓடியது. பெரியவர் சரிந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தண்ணில கலக்கலையா," என்றார். யாரையும் கேட்கிற மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு தானாகவே சொன்னார். கோப்பை வாங்கின உடம்பு அவருக்கு என்ன விலை வைத்தது என்பது வீட்டுக்குத் தெரியும். அந்த நாளில் தின்ற பவுடர்களாலும் போட்டுக்கொண்ட ஊசிகளாலும் சிறுநீரகம் இரண்டும் பாதிக்குமேல் போய்விட்டது. டாக்டர் கைவிரிக்கும் நாள் தூரத்தில் இல்லை. தம்பியும் அதே வழியில் போவதைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சினார், ஒரு தடவை கை ஓங்கினார். கல்லாவுக்கு மேலே இருக்கும் படத்தைக் காட்டி, "நீ மட்டும்?" என்று கேட்டானாம் தம்பி.

ஆலையில் பானத்தில் சேர்க்கக் காஃபின் டிரம் டிரம்மாக வரும். அதில் கொஞ்சம் எடுத்து வந்து, முந்தின சாயங்காலம் தம்பியின் டப்பாவில் கலந்தார். ஒரு தடவை பயந்தால் போதும், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுத்தால் போதும், பவுடரை விட்டுவிடுவான் என்று நினைத்தார்.

"இருபது வருஷமா நான் அதைக் கலக்கறேன் மேடம். தண்ணில துளி கூடுதலாப் போனாலும் நாக்குல வைக்க முடியாது, அப்படிக் கசக்கும். ஒரு வாய் குடிப்பான், துப்பிடுவான், கை நடுங்கும், நெஞ்சு அடிச்சுக்கும், பயந்துருவான்னு நினைச்சேன். கூட்டிட்டுப் போகத்தான் நானே வந்தேன்."

கொசு முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பெரியவர் கலந்ததைக் கசப்பு காட்டிக் கொடுத்திருக்கும். நாக்குக்கு அதற்கு நேரம் கொடுக்காத வித்தையைக் கற்றுக் கொடுத்தவன் அவன். அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உதவி ஆய்வாளர் முன்னால் வந்தார். பெரியவர் சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுபோய் ஆலையின் கழிவுத் தொட்டியில் போட்டிருந்த பழைய டப்பாவை, உள்ளே கரண்டியோடு எடுத்துவிட்டதாகச் சொன்னார். பெரியவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. எழுந்து விலங்குக்குக் கையை நீட்டினார்.

ஆய்வாளர் அந்தக் கையைக் கீழே இறக்கினார். இன்னும் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது என்றார். எதிர்வீட்டுப் பெண் குழந்தையைக் குளிப்பாட்டி முடிக்கிற நேரம் வரை இங்கே சத்தமில்லை என்பதைச் சொன்னார்.

"நீங்க வந்தப்ப அவனுக்கு மூச்சு இருந்துச்சா?"

பெரியவர் தரையைப் பார்த்தார். முதலாளி கல்லாவை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆய்வாளர் தன் வழக்கப்படி காத்திருந்தார்.

"இருந்துச்சு," என்றார் பெரியவர். "என்னைப் பார்த்தான். கண்ணைத் திறந்து பார்த்தான். டாக்டர் வந்தா என்ன குடிச்சான்னு கேப்பாங்களே, டப்பாவைப் பார்ப்பாங்களேன்னு... முதல்ல அதை மாத்திட்டுக் கூப்பிடலாம்னு நினைச்சேன். நேரம் இருக்குன்னு நினைச்சேன் மேடம். பாட்டிலைக் குலுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்."



---

அம்மாவிடம் சொல்லும் வேலையை ஆய்வாளர் வேறு யாரிடமும் விடவில்லை. போனபோது வீடு நிறைய ஆட்கள். மகன்களின் அறையில் அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு சட்டைகள், தேய்த்து மடித்தவை. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

ஆய்வாளர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் அழவில்லை. கத்தவில்லை. கேட்டதைக் கேட்காதவர் போல சட்டையின் பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தார். ஒருவேளை காதில் விழவில்லையோ என்று ஆய்வாளர் திரும்பச் சொல்ல வாயெடுத்தபோது அவர் பேசினார்.

"நாளைக்குக் காலைல சின்னவனை எடுத்துட்டு வராங்க. எந்தச் சட்டை போடறதுன்னு தெரியலம்மா. அவனுக்குச் சட்டை எடுக்கறதெல்லாம் பெரியவன்தான். நான் எடுத்தா பிடிக்காது அவனுக்கு." சற்று நிறுத்தினார். "பெரியவனைக் கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றார் ஆய்வாளர்.

நிலையத்துக்குத் திரும்பியபோது பெரியவர் கம்பிக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வைத்த சாப்பாடு தொடாமல் இருந்தது. ஆய்வாளர் கம்பியருகே நின்று, அம்மா கேட்டதை அவர் கேட்ட வார்த்தைகளிலேயே சொன்னார்.

வெளியே யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் வந்து போனது.

"நீலம்," என்றார் பெரியவர். "மேல் பட்டனைப் போட வேண்டாம்னு சொல்லுங்க. கழுத்தை இறுக்கினா அவனுக்குப் பிடிக்காது."